அடிப்பிடித்த சோறு கேட்ட ஸ்பெயின்காரர்

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் கிறிஸ்மஸும் ஒரே மாதத்தில் வந்தன. தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஷூ செய்யும் கம்பெனி ஒன்றில், சாம்பிள் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்புவது, சாம்பிள் ஷூ ஏன் இன்னும் வரவில்லை என்று அவர்கள் கேட்கும்போது நாளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பது, இதுதான் வேலை. டிசம்பர் நடுவில் ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டார். கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் நோன்புக்காகப் பேர்ணாம்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார், பண்டிகை முடிந்துதான் வருவார், அதுவரை அங்கே நாலு மாதமாகத் தங்கியிருக்கும் ஸ்பெயின்காரரையும் அவர் மனைவியையும் வெளியே அழைத்துப்போய்ச் சாப்பிட வைப்பது என் பொறுப்பு என்றார்.

நான் எதற்கு என்று கேட்டேன்.

"நீ கிறிஸ்டியன் பொண்ணு. அவங்களும் கிறிஸ்டியன். பண்டிகை நாள்ல அவங்க இன்னா சாப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்கு மட்டன் பிரியாணியும் அதிரசமும். ஸ்பெயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் ஃபேக்ஸ் நம்பர் எந்த எண்ணில் தொடங்கும் என்பது மட்டும்தான். ஆனால் மேலாளரின் பயமும் நியாயமானதே. அந்த ஸ்பெயின்காரர் பார்த்துத் தலையசைத்தால்தான் எங்கள் சாம்பிள் ஒன்றுகூட வெளியே போகும். சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவர் பெட்டியைக் கட்டிவிட்டால் ஆர்டரும் அவரோடு விமானம் ஏறிவிடும்.

அவருக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய ஊரும் கடலோரத்தில் இருக்கும் ஒரு ஷூ ஊர்தானாம். எதைப் பார்த்தாலும் தோலைப் பார்ப்பதுபோல விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவருக்கு ஓட்டை ஆங்கிலம் தெரியும். அவருடைய மனைவிக்கு அதுவும் தெரியாது. சின்ன உருவம், குட்டை முடி, கைப்பையில் எப்போதும் ஒரு மடக்கு விசிறி. வேண்டியதை அந்த விசிறியாலேயே சுட்டிக் காட்டி வாங்கிவிடுவார்.

மாலையில் ஒரு பெண் தனியாக அவர்களோடு ஓட்டல் ஓட்டலாகப் போவது சரியாக இருக்காது என்று என் கணவரும் கூட வந்தார். அவர் வேலூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். தினமும் ரயிலில் போய் வருவார். அரையாண்டுத் தேர்வு முடியும் சமயம், விடுமுறை வந்துகொண்டிருந்தது. காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஏழரை. இதுதான் அவருடைய சாப்பாட்டு நேரம். ஐந்து நிமிஷம் தவறினால் தலைவலி வந்துவிடும். ஓட்டலில் சாப்பிடுவது அவருக்கு அறவே பிடிக்காது. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒருவருக்கொருவர் இன்னும் மரியாதையாகவே இருந்தோம். சாப்பிடும்போது பேசிக்கொள்வதில்லை. "போதுமா?", "போதும்." அவ்வளவுதான்.

முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அன்றே சிக்கல். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டரைக்கே கெஸ்ட் ஹவுஸ் வாசலில் காரோடு காத்திருந்தோம். அவர்கள் இறங்கி வந்தபோது மணி இரண்டே முக்கால். தூங்கி எழுந்தவர்கள்போல இல்லை. புறப்படவே இதுதான் நேரம் என்பதுபோல நிதானமாக வந்தார்கள். என் கணவர் அதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நோன்பு மாதத்தில் ஆம்பூர் பிரியாணிக் கடைகள் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். திறந்திருந்த ஒன்றிரண்டிலும் வாசலில் துணித் திரை தொங்கியது. உள்ளே போனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைவ ஓட்டலில் உட்கார்ந்தோம். அங்கேயும் மீல்ஸ் முடிந்திருந்தது. தயிர்சாதமும் காலையில் சுட்ட வடையும்தான் மிச்சம்.

ஸ்பெயின்காரர் தயிர்சாதத்தில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் தேய்த்தார். ஏதோ சொன்னார். அந்தம்மா பதில் சொன்னார். அவர் மேசையைத் தட்டினார். அந்தம்மா விசிறியை மடக்கி, அதால் தயிர்சாதத்தைக் காட்டி, பிறகு அவர் நெஞ்சைக் காட்டி, கூரையைக் காட்டி, மூச்சு விடாமல் பேசினார். பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் ஓயவில்லை. ஊருக்குப் போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு செய்து, மேலாளரிடம் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே இருவரும் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் நிலைமை தலைகீழானது. மசூதியில் பாங்கு சொல்லி நோன்பு திறந்ததும் கடைத்தெரு விழித்துக்கொண்டது. எல்லாக் கடையிலும் விளக்கு, கூட்டம், சமோசா வாசனை. எட்டரைக்கு மேல்தான் பிரியாணிக்கு ஆட்கள் நிதானமாக வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பதரைக்கு நாங்கள் போனபோது இடம் கிடைக்கவில்லை. ஸ்பெயின்காரர் சுற்றிலும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நாலு மாதமாக இந்த ஊரில் ஏழு மணிக்கே இரவுச் சாப்பாட்டைக் கொடுத்து, கோழியோடு சேர்த்துத் தன்னைக் கூண்டில் அடைத்தார்கள் என்றும், இன்றைக்குத்தான் மனிதர்கள் மனிதர் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடுவதைப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். நோன்பு பற்றி நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஆம்பூர் தன்னுடைய நேரத்துக்குத் திருந்தி வந்துவிட்டது என்ற எண்ணத்தை அவர் விடவில்லை.

பாடுபட்டது என் கணவர்தான். ஏழரைக்கு வீட்டில் வழக்கம்போல் சாப்பிட்டுவிடுவார். ஒன்பதரைக்கு அவர்களோடு உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியாது; அந்தம்மா விசிறியால் அவர் தட்டைத் தட்டி, சாப்பிடு சாப்பிடு என்று சைகை காட்டுவார். மரியாதைக்காக மறுபடியும் ஒரு பிளேட். ஒரு வாரத்தில் பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்கு மாறினார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை.

பிரியாணிக் கடையில்தான் அடுத்த விபரீதம். நாங்கள் வழக்கமாகப் போன கடையின் மாஸ்டர் ஒரு பாய். அறுபதைத் தாண்டியவர். சமையலறையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஸ்பெயின்காரர் கடைசிப் பருக்கைவரை தின்றுவிட்டு, மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றார். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்து நானும் கூப்பிடச் சொன்னேன். பாய் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஸ்பெயின்காரர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். மிகவும் நன்றாக இருந்தது என்றார். பிறகு, பாத்திரத்தின் அடியில் பிடித்த சோறு கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் ஊரில் அகலமான இரும்புச் சட்டியில் சோறு ஆக்குவார்களாம். அடியில் பொன்னிறமாகப் பிடித்து மொறுமொறுவென்று வருவதுதான் அதில் உசத்தி. அதற்குத் தனிப்பெயர் உண்டாம். வீட்டில் அதற்காகக் கரண்டியோடு சண்டை போட்டுக்கொள்வார்களாம். இதையெல்லாம் அவர் சொன்ன ஆங்கிலத்தில் எனக்கு அன்றைக்குப் புரிந்தது பாதிதான். நான் பாயிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

"பாய், அடிப்பிடிச்ச சோறு இருக்கான்னு கேக்கிறாரு."

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா தேக்சா போடறேன். ஒருநாள்கூட அடிப்பிடிச்சதில்ல. இன்னாம்மா, யாராவது சொல்லி அனுப்சாங்களா?"

நான் விளக்கப் பார்த்தேன். ஆனால் அடிப்பிடித்ததை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்பார் என்பதை அந்த ஊரில் யாரும் நம்பத் தயாராக இல்லை. பாய் தோள் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் மேசைக்குப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் இரண்டாம் முறை வரவில்லை. ஸ்பெயின்காரர் தினமும் சமையலறைப் பக்கம் பார்த்துக் கையசைப்பார். பாய் பிரியாணிப் பாத்திரமான தேக்சாவின் மூடியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

கிறிஸ்மஸ் அன்று வேலூரில் என் மாமியார் வீட்டில் விருந்து. அவர்களையும் அழைத்திருந்தோம். ஒரு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். ஆலயம் முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். பிரியாணியும் தயார். இரண்டு மணிக்கு மாமனார் ஜெபம் செய்தார். மூன்று மணிக்கு மறுபடியும் செய்தார். மூன்றரைக்குக் கம்பெனி கார் வந்து நின்றது. ஸ்பெயின்காரர் ஒரு பெரிய பொட்டலத்தைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு இறங்கினார்.

அது அவர்கள் ஊர்ப் பன்றித்தொடை. உப்பில் ஊறவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்து, கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் மனம் புண்படக்கூடாது என்று தங்கள் அறை அலமாரியிலேயே துண்டில் சுற்றி நாலு மாதம் வைத்திருந்தார்களாம். கிறிஸ்மஸ் வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். அதை அப்படியே மெல்லிசாகச் சீவித் தட்டில் வைத்துச் சாப்பிட வேண்டும். அவரே உட்கார்ந்து, கூர்மையான கத்தியால், தாள்போல ஒவ்வொன்றாகச் சீவி அடுக்கினார். அரை மணி நேரம் ஆனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு கையைக் கழுவக் கொல்லைப்புறம் போனார்.

மாமியார் தட்டைப் பார்த்தார். என் காதருகே வந்து, "பாவம், இன்னும் பச்சையா கீது. அவங்க வீட்ல யாரும் ஆக்கித் தர்லபோல" என்றார். நான் வாசலில் அந்தம்மாவுக்கு நாற்காலி போட்டுத் திரும்புவதற்குள் வாணலி காய்ந்துவிட்டது. சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, அதோடு உப்பும். அது முழுக்க உப்பில் கிடந்த கறி என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நேரமில்லை. ருசி பார்த்ததும் மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உப்பை இழுக்கட்டும் என்று இரண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டார். அப்புறம் இன்னும் இரண்டு. கடைசியில் மேசைக்கு வந்தது ஒரு குண்டான் உருளைக்கிழங்கு வறுவல்.

ஸ்பெயின்காரர் தட்டைத் தேடினார். பிறகு குண்டானைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்தம்மாதான் முதலில் சிரித்தார். விசிறியால் வாயை மூடியும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு குண்டானைத் தன் கணவர் பக்கம் தள்ளினார். அவர் வாயில் போட்டு, வெகு நேரம் மென்று, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மாமியார் கேட்டார். தங்கள் ஊரில் இதைச் செய்தவரை ஜெயிலில் போடுவார்கள், ஆனால் ஒரு தாய் செய்ததால் மன்னித்துவிடுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பிள்ளை பெற்ற கை ருசியே தனி என்கிறார் என்று நான் மாமியாரிடம் சொன்னேன்.

திரும்பி வரும்போது நாலு பேரும் கம்பெனி காரிலேயே வந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் என் கணவர் ஆரம்பித்தார்.

"அது சமைக்கறதில்லன்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்கம்மா கேட்டாங்களா? நான் திரும்பறதுக்குள்ள வாணலி வச்சிட்டாங்க."

"எங்கம்மாவ எதுக்கு இழுக்கற?"

"உப்பு போட்டது யாரு, நானா?"

அதுதான் எங்கள் முதல் சண்டை. ஏழு மாத மரியாதை மாதனூருக்குள் காலியானது. அவர் இரட்டைச் சாப்பாட்டைச் சொன்னார், தலைவலியைச் சொன்னார், பெல்ட்டைச் சொன்னார். எல்லாம் மனதில் இருந்திருக்கிறது. நானும் விடவில்லை. அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவதையும், நான் வைத்த குழம்பு எப்படி என்று ஒருநாளாவது சொன்னதுண்டா என்பதையும் கேட்டேன். முன் சீட்டிலிருந்து ஸ்பெயின்காரர் திரும்பினார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தம்மா, சாப்பாட்டைப் பற்றியா என்று அவர் மூலம் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தம்மா திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர்கள் என்ன சண்டை போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் நான் கேட்டேன். கேட்டதற்கு இரண்டு பேருமே ஆச்சரியப்பட்டார்கள். சண்டையா, எப்போது என்றார் அவர். பிறகு சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து விவகாரம் ஒன்றுதான்: சோறு ஆக்குவதில் கெட்டிக்காரி அவருடைய தாயா, இவளுடைய தாயா. இரண்டு தாய்மாரும் செத்துப்போய் வருஷங்களாகின்றன. விவகாரம் மட்டும் முடிந்தபாடில்லை. தங்கள் ஊரில் பேசாமல் சாப்பிடுகிறவர்கள் சம்பந்திகள் மட்டும்தான் என்றார்.

என் கணவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புத்தாண்டு முடிந்து, ஜனவரி முதல் வாரம். மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த நாள் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தம்மா ஐஎஸ்டி பூத்தில் பேரப்பிள்ளைகளோடு பேசிவிட்டு வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. விசிறியைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஸ்பெயின்காரர் வழியெல்லாம் எதையெதையோ சொல்லிப் பார்த்தார். இருவரும் அன்றிரவு பேசாமல் சாப்பிட்டார்கள். அதைப் பார்க்க எங்களுக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் என்னிடம் சொல்லாமல் பிரியாணிக் கடைக்குப் போயிருக்கிறார். கடை மூடியிருந்தது. பின்பக்கம் பாய் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாராம். ஓட்டல் என்றாலே பிடிக்காத மனுஷர், தரையில் கரித்துண்டால் சட்டியும் அடுப்பும் படம் போட்டு, அடியில் இத்தனை விரற்கடை சோறு, இத்தனை நேரம் தணல் என்று கணக்குப் பாடம்போல விளக்கியிருக்கிறார். அவர்களுக்கு அது குற்றமில்லை, அதுதான் பண்டிகைச் சாப்பாடு என்றும், அந்தம்மா அழுததையும் சொல்லியிருக்கிறார். பாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "அடிப்பிடிக்காம ஆக்கத் தெரிஞ்சவனுக்கு அடிப்பிடிக்க வைக்கத் தெரியாதா வாத்தியாரே? ராத்திரி இட்டுனு வாங்க. பின்பக்கமா இட்டுனு வாங்க. முன்னால யார் கண்ணுலயும் படக்கூடாது" என்றாராம்.

அன்று நோன்பு திறந்து கூட்டம் குறைந்ததும் நாங்கள் நாலு பேரும் கடையின் பின்பக்கம் விறகுக்கட்டுகளின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாய் ஒரு சின்ன தேக்சாவைத் தணல்மேல் விட்டு வைத்திருந்தார். தீய்ந்த வாசனை வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையாலேயே தன் பெயரைக் கெடுத்துக்கொள்கிறவர்போல நின்றார். பிறகு மேல்சோற்றை எடுத்து வைத்துவிட்டு, இரும்புக் கரண்டியால் அடியைப் பெயர்த்தார். செம்பொன் நிறத்தில், கறியின் நெய் இறங்கி, அப்பளம்போலத் துண்டு துண்டாக வந்தது.

ஸ்பெயின்காரர் ஒரு துண்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்தம்மாவும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கைப்பையைத் திறந்தார். விசிறி வெளியே வந்தது. அதால் அவர் நெஞ்சில் ஒரு குத்து. அவ்வளவுதான், இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

பாய் என்னிடம் குனிந்து, இன்னா சொல்றாங்க என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

"பொய் சொல்லாதம்மா. அரோஸ் அரோஸ்னு அரிசியத்தான் சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் அரிசியில தகராறு. என் ஊட்லயும் டெய்லி இதான் பேஜாரு."

பாய் சொன்னது சரிதான் என்று பிறகு ஸ்பெயின்காரரே ஆங்கிலத்தில் விளக்கினார். இது தன் தாயுடையதைப்போல இருக்கிறது என்று ஸ்பெயின்காரரும், உன் தாயால் கனவில்கூட இப்படி ஆக்க முடிந்திருக்காது என்று அந்தம்மாவும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஒரு துண்டு தின்று பார்த்து, பரவாயில்லை, ஆனால் எண்ணெய் ஜாஸ்தி என்றார். அது எண்ணெய் இல்லை, கறியின் நெய் என்று நான் சொன்னேன். பாய் என் பக்கம் சேர்ந்துகொண்டார். அந்தம்மா, விஷயம் தெரியாமலே, என் கணவர் பக்கம் சேர்ந்துகொண்டார். மூன்று பாஷையில் நடந்த அந்த வழக்கு, கடையைக் கழுவ வந்தவர்கள் பெஞ்சைத் தூக்க வேண்டும் என்று சொல்லும்வரை ஓயவில்லை. எங்கள் பங்கு போக, பெயர்த்ததில் மிச்சத்தைப் பாய் ஒரு பாத்திரத்தில் மூடி வீட்டுக்கு எடுத்துப்போனார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

ரம்ஜான் முடிந்த வாரம் சாம்பிள்கள் எல்லாம் தேறின. அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். மேலாளர் என்னைப் பாராட்டி எல்லோர் முன்னும் இரண்டு வார்த்தை சொன்னார். பத்து மாதம் கழித்து இத்தாலியிலிருந்து ஒரு தம்பதி வருவதாக ஃபேக்ஸ் வந்தது. மேலாளர் இந்த முறையும் நான் கிறிஸ்டியன் என்பதை நினைவுபடுத்தினார். சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் கணவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தார்.

"அவங்க எத்தினி மணிக்குச் சாப்புடுவாங்க? இந்த வாட்டி மொதல்லயே கேட்டு வச்சிடு" என்றார்.